தேசிங்கு ராஜாவைப் பார்த்து சாமி முகத்தைத் திருப்பிக்கிட்ட கதை

கொஞ்சம் நீளமான இழை இது. மருத்துவம் பாதி, நம்ம ஊர்க் கதை பாதி. பொறுமையா படிங்க.

போன மாசம் ஒரு ராத்திரி, கேஷுவால்டி டியூட்டி. மணி ஒன்றரை இருக்கும். திண்டிவனம் ரோட்டுல பைக் விபத்துன்னு ஒரு பையனைக் கொண்டு வந்தாங்க. வயசு 22. ஹெல்மெட் இல்லை. நல்லவேளை தலையில பெரிய அடி இல்லை. ஆனா தொடை எலும்பு உடைஞ்சிருந்தது.

தொடை எலும்புதானேன்னு பலர் நினைப்பாங்க. ஒரு தொடை எலும்பு உடைஞ்சா வெளியில ஒரு சொட்டு தெரியாமலே உள்ளுக்குள்ளேயே ஒரு லிட்டர், ஒன்றரை லிட்டர் ரத்தம் போயிடும். பையன் முகம் வெளுத்து, நாடி 130க்கு மேல ஓடிட்டு இருந்தது.

ரெண்டு கையிலயும் ஊசி போட்டு திரவம் ஏத்தி, காலை இழுத்துக் கட்டி, ரத்தத்துக்குச் சொல்லிட்டு வெளியே வந்தா, அவங்க அப்பா நிக்கிறார். லுங்கி, தோள்ல துண்டு. என் கையைப் பிடிச்சுக்கிட்டு சொன்னார்: "சும்மா ஓட்ட மாட்டான் சார். தேசிங்கு ராஜா கணக்கா பறப்பான்."

அந்தக் குரல்ல அழுகை இருந்தது. ஓரத்துல கொஞ்சம் பெருமையும் இருந்தது. அந்தப் பெருமைதான் என்னைத் தூங்க விடலை.

விழுப்புரம், திண்டிவனம், செஞ்சி பக்கம் பிறந்தவங்களுக்கு இந்தப் பேச்சு புதுசு இல்லை. வேகமா வண்டி ஓட்டினா, "பெரிய தேசிங்கு ராஜான்னு நினைப்பு". யாருக்கும் அடங்கலைன்னா, "தேசிங்கு ராஜா பரம்பரை". ஒரு குதிரை வீரனோட பேர் முந்நூறு வருஷம் கழிச்சும் டீக்கடைப் பேச்சுல உயிரோட இருக்கு. உலகத்துல எத்தனையோ ராணுவ அதிகாரிகளுக்குப் பளிங்குக் கல் வெச்சும் கிடைக்காத பாக்கியம் இது.

ஆனா நாம எதை ஞாபகம் வெச்சிருக்கோம்? குதிரையை, வேகத்தை, சாவை. அந்த மூணு மட்டும்தான் கதையா?

முதல்ல அவர் யாருன்னு பார்த்துடுவோம்.

தேசிங்கு தமிழ்ப் பேர் இல்லை. தேஜ்சிங் என்கிற பேர் நம்ம வாயில தேசிங்கு ஆயிடுச்சு. வட இந்தியாவுல புந்தேல்கண்ட் பகுதியைச் சேர்ந்த ராஜபுத்திரக் குடும்பம். அவரோட அப்பா ஸ்வரூப்சிங். 1698ல முகலாயப் படை செஞ்சிக் கோட்டையை மராட்டியர்கிட்ட இருந்து பிடிச்சது. அடுத்த சில வருஷத்துல ஔரங்கசீப்போட ஆணையில இந்தக் கோட்டைக்கு கில்லேதாரா வந்தவர் அந்த ஸ்வரூப்சிங்.

கில்லேதார்னா கோட்டை அதிகாரி. சுருக்கமா சொன்னா, நாம ராஜான்னு சொன்னாலும் பதவி என்னவோ படை அதிகாரி பதவிதான். கோட்டையைக் காக்கணும், குதிரைப்படையை வெச்சுக் காப்பாத்தணும், சுத்துவட்டார வரியை வசூல் பண்ணணும், மேலிடத்துக்குக் கட்ட வேண்டியதைக் கட்டணும்.

ஸ்வரூப்சிங் லேசுப்பட்ட ஆள் இல்லை. 1710-11ல கடலூர்ல புனித டேவிட் கோட்டையில இருந்த ஆங்கிலேயரோட நேரடியா மோதினவர். 1714ல அவர் இறந்து போறார். செய்தி கேட்டு மகன் தேஜ்சிங் புந்தேல்கண்ட்ல இருந்து செஞ்சிக்கு வர்றார். வயசு 22.

இங்கதான் சிக்கல். அப்பாவுக்குப் பதவி கொடுத்தது ஔரங்கசீப். அவர் 1707லேயே போயாச்சு. டெல்லியில இப்ப ஃபரூக்சியர். ஆற்காட்டுல நவாப் சாதத்துல்லா கான். நவாப் தரப்பு என்ன சொல்லுது? பழைய ஆணை செல்லாது, புது பாதுஷாகிட்ட புதுப்பிச்சு வா, அப்பா காலத்துல இருந்து நிலுவையில இருக்கிற கப்பத்தையும் கட்டு. தேசிங்கு என்ன சொல்றார்? என் குடும்பத்துக்குக் கொடுத்த ஆணை இருக்கு, நான் ஏன் கட்டணும்?

கவனிச்சுப் பாருங்க. மண்ணை மீட்கிற போர் இல்லை, மதத்தைக் காக்கிற போரும் இல்லை. ஒரு வாரிசு ஆணையும் ஒரு வரி பாக்கியும்தான் பிரச்சினை. இன்னைக்கா இருந்தா தாசில்தார் ஆபீசுக்கும் கோர்ட்டுக்கும் நடந்திருப்பாங்க.

1714 அக்டோபர் 3. மழைக்காலம். சங்கராபரணி ஆற்றுல தண்ணி ஓடுதுன்னு பாட்டு சொல்லுது. ஆற்காட்டுல இருந்து பெரும்படை வந்து நிக்குது. செஞ்சியில சில நூறு பேர். மதிலுக்குள்ள இருந்துக்கிட்டே தாக்குப்பிடிக்கக் கூடிய கோட்டை அது. மராட்டியர் அதே கோட்டைக்குள்ள இருந்துதான் முகலாயப் படையை ஏறக்குறைய எட்டு வருஷம் காக்க வெச்சாங்க. ஆனா தேசிங்கு கோட்டைக்குள்ள காத்திருக்கலை. குதிரையேறி வெளியே போனார். அன்னைக்கே முடிஞ்சது.

அப்பாவோட பதவியில அவர் இருந்தது ஒரு வருஷம்கூட முழுசா இல்லை.

ஒரு மருத்துவரா இந்த இடத்துல நான் கொஞ்சம் நின்னுடுவேன்.

1714ல குதிரை மேல இருந்து காயத்தோட விழுந்த ஒருத்தருக்கு என்ன வைத்தியம் இருந்திருக்கும்? கையில காலுல ரத்தம் பீறிட்டா இறுக்கி நிறுத்தற திருகு டூர்னிக்கெட்டை பாரிஸ்ல ஜான் லூயி பெட்டி செஞ்சதே 1718ல. ஈதர் மயக்க மருந்து கொடுத்து எல்லாரும் பார்க்க அறுவை சிகிச்சை நடந்தது 1846ல. கிருமிநாசினி போட்டு அறுவை பண்ணலாம்னு லிஸ்டர் எழுதினது 1867ல. ரத்த வகைகளை லான்ட்ஸ்டைனர் கண்டுபிடிச்சது 1901 வாக்குல. பெனிசிலின் 1928.

ஆக, அந்தக் களத்துல விழுந்த பையனுக்கும் நான் பார்த்த பையனுக்கும் வயசு ஒண்ணு. நடுவுல இருக்கிறது இந்த முந்நூறு வருஷ மருத்துவம் மட்டும்தான். என் பையன் பிழைச்சான். காரணம் அவன் வீரம் கிடையாது. யாரோ முகம் தெரியாதவங்க கொடுத்த மூணு பாட்டில் ரத்தம்.

சரி, கதைக்கு வருவோம்.

தேசிங்கு போருக்குப் போறதுக்கு முன்னாடி என்ன நடந்ததுன்னு நம்ம ஊர்ல ஒரு கதை சொல்வாங்க. செஞ்சிக்குப் பக்கத்துல சிங்கவரம் இருக்கு. பல்லவர் காலத்துக் குடைவரைக் கோயில். பாறையிலேயே செதுக்கின ரங்கநாதர் பள்ளிகொண்டிருப்பார். தேசிங்கு ரங்கநாத பக்தர். போருக்குப் போறேன், உத்தரவு கொடுன்னு அங்க போய் நிக்கிறார்.

சாமி உத்தரவு கொடுக்கலை. இன்னைக்குப் போகாதேன்னு முகத்தைத் திருப்பிக்கிட்டார்.

இப்பவும் சிங்கவரத்துல சாமியோட முகம் ஒரு பக்கமா திரும்பி இருக்கிறதைக் காட்டி, "அன்னைக்குத் திருப்பினது, இன்னும் நேர் பண்ணலை"ன்னு சொல்வாங்க. நான் முதல் தடவை அதைப் பார்த்தப்ப எனக்குப் பத்து வயசு. எங்க பாட்டி காதுல கிசுகிசுன்னு சொன்னது: "பெத்த தாய் மாதிரிடா. புள்ளை சாவப் போறதைப் பார்க்க முடியாம திரும்பிக்கிச்சு."

இது வரலாறு இல்லை, ஊர்க் கதை. ஆனா ஒரு ஊர் தன்னோட வீரனை எப்படி நினைக்குதுன்னு தெரியணும்னா ஊர்க் கதையைத்தான் கேட்கணும்.

யோசிச்சுப் பாருங்க. இந்தக் கதையை உண்டாக்கினவங்க விவசாயிங்க, கூத்தாடிங்க, வீட்டுப் பொம்பளைங்க. தேசிங்கு அவங்க ஜாதி இல்லை, அவங்க மொழி இல்லை, வந்து ஒரு வருஷம்கூட ஆகலை. ஆனாலும் அவர் சாவு அவங்களை உலுக்கியிருக்கு. அதை அவங்க எப்படிப் பாடினாங்க? சாமியே வேண்டாம்னு சொன்ன போர்னு பாடினாங்க. "போயிருக்க வேண்டாமேப்பா"ங்கிற ஆற்றாமையை அந்தக் கல்லு முகத்துல எழுதி வெச்சாங்க.

என் கருத்து இதுதான். தேசிங்குக்கு நம்ம முன்னோர் செஞ்ச நினைவேந்தல்ல பெருமை இருந்தது, அதே அளவுக்குத் துக்கமும் கேள்வியும் இருந்தது. நாம அந்தப் பெருமையை மட்டும் எடுத்துக்கிட்டு துக்கத்தையும் கேள்வியையும் கழட்டி விட்டுட்டோம். அதனாலதான் "தேசிங்கு ராஜா கணக்கா பறப்பான்"னு ஒரு அப்பாவால ஐசியூ வாசல்ல நின்னுக்கிட்டு பெருமையா சொல்ல முடியுது.

நாம கழட்டி விட்டதுல அடுத்தது, கூடப் போன ஆள்.

சரித்திரப் புத்தகத்துல மகபத்கான். பாட்டுல மோவுத்துக்காரன். தேசிங்கோட உயிர்த்தோழன், அவரும் குதிரைவீரர். போர்னு சேதி வர்றப்ப அவர் வழுதாவூர்ல கல்யாணப் பந்தல்ல இருந்தார்னு பாட்டு சொல்லும். விழுப்புரத்துல இருந்து புதுச்சேரி போற பக்கம் இருக்கே, அதே வழுதாவூர்தான். கல்யாணத்தை அப்படியே விட்டுட்டு குதிரையேறி வந்து தோழனுக்கு முன்னாடியே களத்துல விழுந்துட்டார்.

தேசிங்குக்காவது பதவிச் சண்டை இருந்தது. இவருக்கு என்ன இருந்தது? வரி பாக்கி இவருது இல்லை. கோட்டை இவருது இல்லை. நண்பன் தனியா போறானேங்கிறது மட்டும்தான்.

சமீப காலமா இந்தக் கதையை இந்து ராஜாவுக்கும் முஸ்லிம் நவாப்புக்கும் நடந்த போர்னு வாட்ஸ்அப்ல சுத்த விடறாங்க. அப்படிச் சொல்லணும்னா மகபத்கானைக் கதையில இருந்து வெட்டி எறியணும். நவாப் கிட்ட வரி வசூல் பார்த்த இந்து அதிகாரிகளையும் வெட்டணும். தேசிங்கு குடும்பத்துக்கு ஆணை கொடுத்தவர் ஔரங்கசீப்ங்கிறதையும் வெட்டணும். இவ்வளவையும் வெட்டினா மிச்சம் இருக்கிறது தேசிங்கு கதையா?

நம்ம ஊர் அப்படிப் பார்க்கலை. செஞ்சி வட்டாரத்துல திரௌபதி அம்மன் கோயிலுக்குப் போனீங்கன்னா, அம்மனுக்குக் காவலா முத்தால் ராவுத்தர்னு ஒரு சாமி இருப்பார். ராவுத்தர்னா குதிரைவீரர். முஸ்லிம். பாரதக் கூத்து நடக்கிற கோயில்ல, பாஞ்சாலிக்குக் காவல் ஒரு முஸ்லிம் குதிரைவீரர். அவர் குதிரைக்குக் கொள்ளு வெச்சுப் படைக்கிற வழக்கம்கூட உண்டு. இவர் மகபத்கான்தான்னு நான் சொல்ல வரலை. குதிரையேறி வந்து காவல் நின்ன ஒருத்தனோட மதத்தைப் பார்க்காம அவனுக்குக் கோயில்ல இடம் கொடுக்கிற மனசு இந்த மண்ணுல இருந்ததுன்னு சொல்றேன்.

மூணாவது, அந்தப் பொண்ணு.

தேசிங்கு உடலைக் கோட்டைக்குள்ள செட்டிக்குளம் கரையில எரிச்சாங்க. அவரோட இளம் மனைவி ராணிபாய் அதே சிதையில ஏறினாங்க. நவாப் அவங்க நினைவாத்தான் ராணிப்பேட்டைன்னு ஊருக்குப் பேர் வெச்சார்னு காலங்காலமா சொல்றாங்க. தினமும் பஸ் போர்டுல நாம படிக்கிற பேரு அது.

இந்த இடத்தைப் பேச்சாளர்கள் ரொம்ப உருக்கமா, "கற்பின் சிகரம்"னு சொல்லிட்டுப் போயிடுவாங்க. என்னால முடியலை. தீக்காய வார்டுல வேலை பார்த்தவன் நான். உடம்புல பாதிக்கு மேல வெந்து வர்ற பொண்ணுங்களைப் பார்த்தவன். அதுல சிகரம் எதுவும் கிடையாது, வலி மட்டும்தான்.

உடன்கட்டையை பென்டிங்க் 1829ல தடை செஞ்சார். 1987ல ராஜஸ்தான்ல ஒரு இளம்பெண் எரிக்கப்பட்ட பிறகு வந்த சட்டப்படி, உடன்கட்டையைப் புகழ்ந்து போற்றுறதும் குற்றம். அதனால ராணிபாயை நினைக்காம விடணும்னு அர்த்தம் இல்லை. நினைக்கணும். "இந்தச் சண்டைக்கு அவளை யாராவது ஒரு வார்த்தை கேட்டாங்களா?"ன்னு கேட்டு நினைக்கணும். அவரசப்பட்டு ஒருத்தன் எடுத்த முடிவுக்கு வீட்டுல இருக்கிறவ கொடுக்கிற விலையை நான் வாரத்துக்கு ஒரு தடவையாவது பார்க்கிறேன். அன்னைக்கு சிதை. இன்னைக்கு இருபது வயசுல விதவைச் சான்றிதழ் வாங்க கைக்குழந்தையோட வரிசையில நிக்கிறது.

நாலாவது, குதிரை.

கூத்துல அந்தக் குதிரைங்களுக்குத் தனி மரியாதை. பாராசாரி, நீலவேணின்னு பேர் சொல்லியே பாடுவாங்க. டெல்லியில யாராலயும் அடக்க முடியாத குதிரையை தேசிங்கு அடக்கினதா கதை. செஞ்சிக்குப் பக்கத்துல நீலாம்பூண்டி, கடலி பக்கம் போனா, இது மகபத்கான் சமாதி, இது குதிரை சமாதின்னு ஊர்க்காரங்க காட்டுவாங்க. நான் வழி கேட்டுக் கேட்டுத்தான் போய்ச் சேர்ந்தேன். ஆடு மேய்ச்சுட்டு இருந்த ஒரு பெரியவர்தான் கூட்டிட்டுப் போனார். "நட்புக்கு உயிர் விட்டவரு. செருப்பைக் கழட்டிட்டு வாங்க"ன்னார். நான் கழட்டினேன்.

மிருகத்துக்கு நினைவுச்சின்னமான்னு சிரிக்காதீங்க. நமக்கு இது ரொம்பப் பழைய பழக்கம். திருவண்ணாமலை மாவட்டத்துல எடுத்தனூர் நடுகல்னு ஒண்ணு இருக்கு. மகேந்திரவர்ம பல்லவன் காலம், ஏழாம் நூற்றாண்டு. கருந்தேவகத்தின்னு ஒரு வீரன் மாடுபிடிச் சண்டையில செத்திருக்கான். கல்லுல அவன் உருவம் இருக்கு. பக்கத்துல அவன் நாயும் இருக்கு. நாயோட பேர் கோவிவன். கள்ளனைக் கடிச்சு காவல் காத்து நின்னதைக் கல்லுல எழுதி வெச்சிருக்காங்க.

நடுகல்லைப் படிச்சுப் பாருங்க. அடுக்குமொழி இருக்காது. எந்த ராஜா காலம், எந்த ஊர், என்ன சண்டை, யார் செத்தது, கூட நின்னது யார். அவ்வளவுதான். மருத்துவத்துல நாங்க கேஸ் ஷீட் எழுதற மாதிரி. நடந்ததை நடந்தபடி, யார் பேரையும் விடாம. ஒரு வீரனுக்குச் செய்யக்கூடிய பெரிய மரியாதை அதுதான்னு நான் நினைக்கிறேன்.

இப்ப சிலர் கேட்பீங்க. "டாக்டர், அப்ப வீரத்தையே வேண்டாம்னு சொல்றீங்களா? எல்லையில நிக்கிறவன் உயிர் கொடுக்கலைன்னா நீங்க நிம்மதியா ஆபரேஷன் பண்ண முடியுமா?"

நியாயமான கேள்வி. என்கிட்ட வர்ற நோயாளிங்கள்ல முன்னாள் ராணுவத்தினர் நிறைய. அவங்ககிட்ட நான் கத்துக்கிட்ட ஒரு விஷயம்: உண்மையான படை அதிகாரிக்கு முதல் கவலை தன் ஆளுங்களை உயிரோட வீட்டுக்கு அனுப்பறதுதான். சாகறதுக்காக யாரும் போறது இல்லை. வேற வழியே இல்லாத இடத்துல, தன் பின்னாடி நிக்கிறவனைக் காப்பாத்தறதுக்காக முன்னாடி போறான். அந்த வீரத்துக்கு நான் தலை வணங்கறேன்.

நம்ம காலத்து உதாரணமே சொல்றேன். மேஜர் முகுந்த் வரதராஜன். 44 ராஷ்ட்ரிய ரைஃபிள்ஸ். 2014 ஏப்ரல் 25, காஷ்மீர் சோப்பியான் மாவட்டத்துல நடந்த மோதல்ல உயிர் கொடுத்தார். 2015 குடியரசு தினத்துல அசோக சக்ரா விருதை அவர் மனைவி வாங்கினப்ப நாடே பார்த்தது. 2024 தீபாவளிக்கு 'அமரன்' வந்தது, தியேட்டர்ல எல்லாரும் அழுதோம். சரிதான், அழணும்.

அதே மோதல்ல அவரோட சேர்ந்து உயிர் விட்ட இன்னொருத்தர், சிப்பாய் விக்ரம் சிங். படம் பார்த்துட்டு அழுத நம்மள்ல எத்தனை பேருக்கு அந்தப் பேர் ஞாபகம் இருக்கு? தேசிங்கு பேர் டீக்கடை வரைக்கும் வந்தது, மகபத்கான் பேர் நீலாம்பூண்டியோட நின்னுடுச்சு. அதே கதைதான் முந்நூறு வருஷம் கழிச்சும். குதிரை மேல முன்னாடி இருக்கிறவன் மட்டும்தான் நம்ம கண்ணுக்குத் தெரியறான்.

இதை இப்ப ஏன் எழுதறேன்?

2025 ஜூலையில செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேர்ந்தது. 'மராட்டிய ராணுவ நிலப்பரப்புகள்'ங்கிற தலைப்புல 12 கோட்டை. 11 மகாராஷ்டிராவுல. நம்ம செஞ்சி ஒண்ணுதான் வெளியில. ரொம்ப சந்தோஷம். 1677ல சிவாஜி இந்தக் கோட்டையைப் பிடிச்சதும், அவர் மகன் ராஜாராம் இங்க இருந்து முகலாயரை எதிர்த்து நின்னதும் பெரிய வரலாறு.

ஆனா அந்தத் தலைப்புல தேசிங்கு வரமாட்டார். அவர் கதை மராட்டியர் போன பிறகு நடந்தது. இனிமே வெளிநாட்டுல இருந்து, வடநாட்டுல இருந்து கூட்டம் வரும். ராஜகிரி ஏறுவாங்க, கல்யாண மகால் பார்ப்பாங்க, 1717-18ல கட்டின சாதத்துல்லா கான் மசூதியைப் பார்ப்பாங்க. ஜெயிச்சவனோட மசூதி கோட்டைக்குள்ள இருக்கு. தோத்தவனோட சிதை எரிஞ்ச குளக்கரை அதே கோட்டைக்குள்ள இருக்கு. தோத்தவனுக்காகச் செத்தவனோட சமாதி வெளியே கிராமத்துல இருக்கு. இந்த மூணையும் சேர்த்து யாராவது சொன்னாத்தான் அது கதை. அதைச் சொல்ல வேண்டியது நாமதான், விழுப்புரம் மாவட்டத்துக்காரங்க.

பெரிய சிலை வேண்டாம். மணிமண்டபம் வேண்டாம். என் ஆசை ரொம்பச் சின்னது.

ஒண்ணு, நீலாம்பூண்டி சமாதிகளுக்குப் போற வழி கோட்டை வாசல்லயே தெரியணும். ஒரு பலகை போதும். அதுல தேசிங்கு, மகபத்கான், ராணிபாய் மூணு பேரும் இருக்கணும். குதிரையும் இருக்கணும். நடுகல் மாதிரி நடந்ததை நடந்தபடி எழுதணும்.

ரெண்டு, திண்டிவனம், விழுப்புரம் பள்ளிக்கூடங்கள்ல இருந்து பிள்ளைங்களைச் செஞ்சிக்குச் சுற்றுலா கூட்டிட்டுப் போறாங்க. மலை ஏறி செல்ஃபி எடுத்துட்டு வந்துடறாங்க. ஒரு மணி நேரம் சேர்த்து சிங்கவரத்துக்கும் கூட்டிட்டுப் போங்க. சாமி ஏன் முகத்தைத் திருப்பிக்கிட்டார்னு பிள்ளைங்களையே கேளுங்க. அவங்க சொல்ற பதில் நம்ம பதிலைவிட நல்லா இருக்கும்.

மூணு, தேசிங்கு கதை பாடத் தெரிஞ்ச கலைஞர்கள் நம்ம வட்டாரத்துல இன்னும் இருக்காங்க. வயசாயிட்டு வருது. முழுசா ஒரு ராத்திரி பாட வெச்சு பதிவு பண்ணி வெக்கணும். திருவிழாவுக்கு ஆடல் பாடல் வைக்கிற காசுல பாதி போதும்.

நாலு, அக்டோபர் 3. அந்த நாளை யாராவது கொண்டாடணும்னு நினைச்சா, பேனர் கட்டி பைக் ஊர்வலம் விடாதீங்க. ரத்ததான முகாம் வைங்க. 1714ல அந்தக் களத்துல யாருக்கும் கிடைக்காம போனது அதுதான்.

அந்தப் பையன் கதைக்கு வர்றேன். அறுவை சிகிச்சை முடிஞ்சு, தொடையில ராடு போட்டு, தேறிட்டான். வார்டு ரவுண்ட்ஸ்ல ஒரு நாள் கட்டுப் பிரிச்சுப் பார்த்துக்கிட்டே கேட்டேன்: "தேசிங்கு ராஜா கதை தெரியுமாடா உனக்கு?"

"குதிரையில வருவாரு சார். செத்துடுவாரு." அவனுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். அவன் மேல தப்பு இல்லை. நாம அவ்வளவுதான் சொல்லிக் கொடுத்திருக்கோம்.

மகபத்கான் பத்தி சொன்னேன். சிங்கவரம் பத்தி சொன்னேன். அமைதியா கேட்டுட்டு இருந்தான். அப்புறம் மெதுவா சொன்னான்: "சார், அன்னைக்கு என் பின்னாடி என் ஃப்ரெண்ட் உட்கார்ந்திருந்தான். வேகமா போகாதடான்னு ரெண்டு தடவை சொன்னான். கேட்கலை." அந்த நண்பனுக்குக் கையில சிராய்ப்போட போச்சு. மூணு நாளும் வார்டு வாசல்லயே படுத்துக் கிடந்தான், எல்லாரும் பார்த்தோம்.

அப்பா பக்கத்துல நின்னு கேட்டுட்டு இருந்தார். அவர் ஒண்ணும் பேசலை. துண்டால முகத்தைத் துடைச்சுக்கிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டார்.

அவ்வளவுதாங்க. செஞ்சிப் பக்கம் போனா நீலாம்பூண்டிக்கும் ஒரு எட்டு போயிட்டு வாங்க. செருப்பைக் கழட்டிட்டுப் போங்க.

வண்டியில போனா ஹெல்மெட் போட்டுட்டுப் போங்க. பின்னாடி உட்கார்றவனுக்கும் சேர்த்து.